ஒரு டம்ளர் பெட்ரோல்

பென்சில்வேனியாவில் ஐ-80 நெடுஞ்சாலையின் 111ஆவது மைலை ஒட்டி ஒரு பலகை நிற்கிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அந்தச் சாலை தொடும் ஆக உயரமான இடம் இது, 2,250 அடி என்று அதில் எழுதியிருக்கும். 2008ஆம் ஆண்டில் வேலை நாள் தவறாமல் அந்த உச்சியைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கடந்தேன். வீடு பெல்ஃபான்டில், வேலை டூபாய்ஸில். போக 60 மைல், வர 60 மைல். மாலையில் உச்சியைத் தாண்டியதும் சாலை கிளியர்ஃபீல்டை நோக்கி நீளமாக இறங்கும். நான் சொல்ல வந்தது அந்த இறக்கத்தில் நடந்தது.

அந்த வருஷக் கோடையில் அமெரிக்காவில் பெட்ரோல் விலை காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. ஒரு காலன் என்பது 3.78 லிட்டர். என்னுடையது பழைய ஹோண்டா சிவிக், கிளட்ச் மிதித்துக் கியர் போடுகிற வண்டி. சாலையில் எல்லோரும் போகிற 75 மைல் வேகத்தில் போனால் காலனுக்கு 36 மைல் கொடுத்தது. மாதம் பெட்ரோலுக்கு மட்டும் ஏறத்தாழ 290 டாலர். வீட்டுக் கடன் தவணையை என்னால் குறைக்க முடியாது. ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்க மனசு வராது. கணக்கு நோட்டில் கைவைக்க முடிந்த ஒரே வரி பெட்ரோல்தான்.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஒரு புதுச் சொல் வாய்க்கு வாய் புழங்கிக்கொண்டிருந்தது: ஹைப்பர்மைலிங். வேய்ன் கெர்டெஸ் என்பவர் உருவாக்கிய சொல். ஒரு வண்டிக்கு அரசாங்கம் மதிப்பிட்ட மைலேஜைத் தாண்டி, ஓட்டும் முறையால் மட்டுமே கூடுதல் மைலேஜ் எடுப்பது அதன் பொருள். நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி 2008ஆம் ஆண்டின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. எனக்கு அந்தச் சொல்தான் புதிது, அதன் பின்னால் இருந்த வித்தை தெரிந்ததுதான். என் அப்பா அரசு பஸ் டிரைவர். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கியே அவர் வாழ்க்கை போனது. டிப்போவில் ஒரு கரும்பலகை இருக்கும். எந்த டிரைவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எடுத்தார் என்று அதில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருப்பார்கள். கே.எம்.பி.எல். என்ற நாலெழுத்தை நான் ஆங்கிலப் பாடத்துக்கு முன்னால் அங்கேதான் கற்றேன். 4.6, 4.7 என்று நிற்கும் பெயர்களுக்கு நடுவே அப்பாவின் பெயருக்கு எதிரே 5.1 என்று ஒரு மாதம் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எப்படி எடுக்கிறார் என்று கேட்டால், "பிரேக்கத் தொடாம ஓட்டணும் கண்ணு, அவ்வளவுதான்" என்பார். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும், ஏற்கெனவே எரித்த டீசலைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம் என்பது அதன் அர்த்தம். தூரத்தில் ஆடு குறுக்கே வரப்போகிறதென்றால், ஆட்டைப் பார்த்த இடத்திலேயே காலை எடுத்துவிடுவார். ஆடு தாண்டும் நேரத்துக்கு பஸ் தானாகவே தளர்ந்திருக்கும்.

நான் அதையே செய்ய ஆரம்பித்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேன்கேஜ் என்ற சின்னக் கருவியைச் சொருகினால், அந்தந்த நொடியில் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று எண்ணில் காட்டும். வேகத்தை 75லிருந்து 60க்கு இறக்கினேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 60 மைலில் இருப்பதைவிட 75 மைலில் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். டயரில் காற்றைச் சரியாக வைத்தேன். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல், வேகம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும் என்று வலது லேனில் லாரிகளோடு ஏறினேன். மூன்றே வாரத்தில் 36 என்பது 46 ஆனது. ஒரு நாள் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 2.7 லிட்டர் பெட்ரோல் மிச்சம். என் வயது ஆட்கள் பங்குச்சந்தையில் பார்த்த சந்தோஷத்தை நான் அந்தச் சின்னத் திரையில் பார்த்தேன்.

46ஐத் தொட்டவனுக்கு 47 வேண்டியிருந்தது. இறக்கத்தில் வண்டியை அதன் போக்கில் ஓடவிட்டால் மலையே அடுத்த ஏற்றத்தில் பாதி தூரம் இலவசமாகத் தூக்கிவிடும். அதற்கு இறக்கத்தின் அடியில் வண்டி 75, 78 என்று போயாக வேண்டும். அன்று அங்கே சட்டப்படி வேகம் 65. மாநில போலீஸ் கார்கள் நிற்கிற இடமும் இறக்கத்தின் அடிதான். மரங்கள் அடர்ந்த மீடியனில், மேலிருந்து வருகிறவன் கண்ணுக்குத் தெரியாத வளைவில் நிற்பார்கள்.

இதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது அவர் உள்ளே போய் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். கைக்குள் அடங்குகிற ரேடார் டிடெக்டர், போலீஸின் வேக ரேடாரைக் கண்டால் கத்துவது. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள இரண்டு ரப்பர் கப், சிகரெட் லைட்டரில் சொருக ஒரு சுருள் வயர். தொண்ணூறுகளில் வாங்கியது. ஓய்வு பெறும்வரை அவர் லாரி டிரைவர். பெரிய லாரிகளில் டிடெக்டர் வைக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்ட பிறகு இதைத் தன் சொந்தக் காரில் வைத்திருந்தார். பென்சில்வேனியாவில் காரில் வைத்துக்கொள்ளத் தடை இல்லை.

அதன் கதையை அவர்தான் சொன்னார். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது. 1974 ஜனவரி 2ஆம் தேதி அதிபர் நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி நாடு முழுக்க நெடுஞ்சாலையில் 55 மைலுக்கு மேல் போகக் கூடாது. எரிபொருளை மிச்சப்படுத்தத்தான் அந்தச் சட்டம். மைலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற லாரிக்காரர்களுக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி. சட்டம் வருமுன்பே, டீசல் விலையும் குறைக்கப்போகும் வேகமும் பொறுக்காமல், 1973 டிசம்பரில் இதே ஐ-80இல் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். அந்தக் குளிரில் நின்றவர்களில் தானும் ஒருவன் என்றார். பிறகு சி.பி. ரேடியோவில் போலீஸ் நிற்கும் இடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஓட்டினார்கள். ஒஹாயோவின் டேட்டன் நகரத்து டேல் ஸ்மித் உருவாக்கிய ஃபஸ்பஸ்டர் என்ற டிடெக்டர் அந்த நாட்களில் லாரிக்கு லாரி ஏறியது. 1978இல் சின்சினாட்டியிலிருந்து எஸ்கார்ட் வந்தது. 55 மைல் சட்டம் 1995இல் போய்விட்டது, பெட்டி மட்டும் தங்கிவிட்டது.

எரிபொருளை மிச்சம் பிடிக்க வந்த சட்டத்திலிருந்து தப்பிக்கப் பரவிய கருவி அது. முப்பத்து நாலு வருஷம் கழித்து அதையே எரிபொருளை மிச்சம் பிடிக்க நான் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்த முரண் எனக்கு உறைக்கவில்லை. இறக்கத்தில் எனக்கு ஒரு காவல் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பெட்டி வேலை செய்யும் விதத்தைப் பெரியவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து விளக்கினார். போலீஸ் ரேடார் ஒரு மைக்ரோ அலையை அனுப்புகிறது. ஓடுகிற வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறியிருக்கும். கே பேண்ட் என்கிற 24.15 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில், வண்டியின் ஒவ்வொரு மைல் வேகத்துக்கும் 72 ஹெர்ட்ஸ் மாற்றம். அதை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். ரேடாருக்கு அலை போய்த் திரும்பி வர வேண்டும், டிடெக்டருக்குப் போகிற அலையே போதும். அதனால் போலீஸ்காரர் நம் வேகத்தைப் படிக்குமுன் டிடெக்டர் அலையைக் கேட்டுவிடும். ஆனால் அவர் ரேடாரை அணைத்து வைத்திருந்து நாம் நெருங்கியதும் போட்டால், டிடெக்டர் கத்தும்போது வேகம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். கடைகளின் தானியங்கிக் கதவும் அதே பேண்டில் பேசும், அதற்கும் கத்தும். பென்சில்வேனியாவில் ரேடாரை மாநில போலீஸ் மட்டுமே பயன்படுத்தலாம். ஊர் போலீஸ் சாலையில் வெள்ளைக் கோடு போட்டு, ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு வண்டி போகும் நேரத்தை எண்ணுவார்கள். அங்கே பெட்டி ஊமை. வர்ஜீனியாவுக்குள் காரில்கூட வைத்திருக்கக் கூடாது. இத்தனை ஓட்டைகளையும் அவரே எண்ணிச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மறுநாள் கண்ணாடியில் ஒட்டினேன்.

ஆறு வாரம் அது என்னோடு இருந்தது. உச்சியைத் தாண்டியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவேன். எஞ்சின் சத்தம் அடங்கி, காற்றின் சீறலும் டயரின் ரீங்காரமும் மட்டும் கேட்கும். 66, 70, 74 என்று முள் ஏறும். ஒரு கண் சாலையில் இருந்தாலும் காது முழுக்க அந்தப் பெட்டியில் இருந்தது. ஸ்கேன்கேஜில் எண்கள் எகிறின. வாரக் கடைசியில் டேங்கை நிரப்பிக் கணக்குப் போட்டால் 47.

நியூட்ரலில் மலை இறங்குவது அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். எனக்கு அதற்கு மேலும் தெரியும். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போன வண்டிகளின் மேல் ஏறிய லாரிகளைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். "ஏறுன கியர்லயே எறங்கணும்" என்பது அந்தக் கணவாயில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த வாக்கு. கே.எம்.பி.எல். பலகையில் முதல் இடம் போனாலும் அப்பா கணவாயில் கியரிலிருந்து கையெடுத்ததில்லை. லாரிக்கும் காருக்கும் எடை வேறு, பிரேக் வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. மழை பெய்து விட்டிருந்தது. மேப்பிள் இலைகள் பழுக்கத் தொடங்கிய நாட்கள். உச்சியைத் தாண்டி நியூட்ரலில் இறங்குகிறேன். முள் 76இல் நிற்கிறது. பெட்டி அலறியது. கே.ஏ. பேண்ட், மாநில போலீஸ் பயன்படுத்துகிற அலை. சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து மேலே ஏறின. யோசிக்கவில்லை. கால் பிரேக்கை அழுத்தியது.

பின்னாலிருந்து லாரி ஹாரன். அந்தச் சத்தம் முதுகெலும்பில் இறங்கியது. கண்ணாடியைப் பார்த்தேன். லாரியின் முகப்பு கிரில் தவிர அதில் எதுவும் தெரியவில்லை. ஈரச் சாலையில் டயர்கள் இழுபடும் ஓசை. லாரி இடது லேனுக்கு ஒடித்து, என்னை உரசாத குறையாகக் கடந்தது. அதன் பின் சக்கரங்களிலிருந்து தெறித்த தண்ணீர் என் முன்கண்ணாடியை முழுக்க மூடியது. இரண்டு மூன்று வினாடிகள் எதுவும் தெரியாமல் ஓட்டினேன். வைப்பர் போட்டதும் முன்னால் அந்த லாரியின் பின்கதவு மட்டும் தெரிந்தது. இடது லேனில் அந்த நேரம் வேறு யாரும் இல்லாததால்தான் அவருக்கும் எனக்கும் வழி இருந்தது.

அமெரிக்கச் சாலையில் முழு லோடு ஏற்றிய லாரியின் எடை 80,000 பவுண்டு வரை போகும், நம் கணக்கில் 36 டன். ஒரு கார் நிற்கிற தூரத்தில் அது நிற்காது.

இறக்கத்தின் அடிவரை போனேன். மீடியனில் போலீஸ் கார் எதுவும் இல்லை. கிளியர்ஃபீல்டு எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தபோது விரல்கள் நிமிர மறுத்தன.

அன்று இரவு பெரியவரிடம் போய்ச் சொன்னேன். எதிர்ப்பக்கம் ஏதாவது கார் போனதா என்று கேட்டார். மலையேறிக்கொண்டு ஒரு கார் போன ஞாபகம் இருந்தது. அப்படியானால் அதிலும் ஒரு டிடெக்டர் இருந்திருக்கும் என்றார். டிடெக்டருக்குள்ளேயே சின்ன அலை உண்டாக்கும் பாகம் ஒன்று உண்டு. மலிவான பெட்டிகளில் அந்த அலை வெளியே கசியும். பக்கத்தில் வருகிற டிடெக்டருக்கு அது போலீஸ் ரேடார் போலவே கேட்கும். தடையுள்ள வர்ஜீனியாவில் போலீஸ் டிடெக்டர் வைத்திருப்பவர்களைப் பிடிப்பதும் இந்தக் கசிவை வைத்துத்தான்.

நான் நம்பியிருந்த காவல் அதுதான். போலீசுக்குப் பயந்த ஒருவன் மலை ஏறியிருக்கிறான். போலீசுக்குப் பயந்த இன்னொருவன் மலை இறங்கியிருக்கிறான். ஒருவன் பெட்டியின் மூச்சைக் கேட்டு மற்றவன் பெட்டி அலறியிருக்கிறது. நடுவில், இதில் எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு லாரி டிரைவர் 36 டன்னை ஒடித்துத் திருப்ப வேண்டிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்தேன். அப்பாவிடம் மறைக்க மனம் வரவில்லை. நியூட்ரலில் இறங்கியதையும் சேர்த்தே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்.

"பின்னால வந்த வண்டியில என்ன லோடு கண்ணு?"

"தெரியலப்பா."

"எத்தினி தூரமா ஒம் பின்னால வந்துட்டு இருந்தான்?"

அதுவும் தெரியவில்லை. உச்சியிலிருந்தே வந்திருக்கலாம். ஒரு தடவைகூட நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"மலை எறங்கறப்ப பின்னால வர்றவன் என்ன ஏத்தியிருக்கான், அவன் பிரேக்கு எப்படி இருக்குதுன்னு நமக்குத் தெரியணும்டா. அவன் நம்மள நம்பித்தானே பின்னால வர்றான். நீ காதக் கொண்டுபோயி அந்தப் பெட்டிகிட்டக் குடுத்துட்டியே."

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் முதலில் கேட்டது என் வண்டியைப் பற்றி இல்லை, பின்னால் வந்தவனின் லோடைப் பற்றி. ஆட்டைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுப்பது டீசலுக்காக மட்டும் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சாலையில் யார் யார் வருகிறார்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு மைலேஜ் தானாக வந்து சேர்ந்தது. பலகையில் அந்த 5.1 வந்த வழி அது.

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். பெட்டி இல்லாமல் 46, பெட்டியோடு 47. ஒரு நாள் 120 மைலுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டுப் பார்த்தேன். காலனில் நூற்றில் ஐந்தரைப் பங்கு, அதாவது 0.21 லிட்டர். காலனுக்கு 4 டாலர் என்று வைத்தாலும் 22 சென்ட். சமையலறையிலிருந்து நாங்கள் காப்பி குடிக்கிற எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தேன். விளிம்புவரை சரியாக நின்றது. வேகத்தைக் குறைத்ததால் கிடைத்தது 2.7 லிட்டர். பெட்டியை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டியதால் கிடைத்தது இந்த ஒரு டம்ளர். அதிலும், பெட்டிக்குப் பயந்து 76லிருந்து 60க்கு ஒரு முறை பிரேக் அடித்தால், மறுபடி அந்த வேகத்துக்கு வர ஏறத்தாழ 30 மில்லி, ஒரு சங்கு அளவு, டம்ளரிலிருந்து போய்விடும்.

அந்த டம்ளரை மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன விஷயம் என்று மனைவி கேட்டபோது, லாரியைப் பற்றி அவளிடமும் முதல் முறையாகச் சொன்னேன்.

மறுநாள் பெட்டியைத் துடைத்து, வயரைச் சுருட்டி, பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. வாங்கி ஷெட்டில் ஒரு ஆணியில் மாட்டினார். பக்கத்து ஆணியில் அவருடைய பழைய சி.பி. ரேடியோவின் மைக் தொங்கியது.

அன்று மாலை உச்சியைத் தாண்டியதும் ஐந்தாவது கியரிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இந்தக் காலத்து எஞ்சினில் கியரோடு இறங்கினால் கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடுகிறது, நியூட்ரலில்தான் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். ஸ்கேன்கேஜ் 9999 என்று காட்டியது, அதற்கு மேல் அதனிடம் எண் இல்லை. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது, முள் 63ஐத் தாண்டவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் தூரத்தில் ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. திறந்த டிரெய்லர், சங்கிலி போட்டுக் கட்டிய மரக்கட்டைகள், கிளியர்ஃபீல்டு பக்கத்துக் காட்டு மரம். முழு லோடு. நான் வலது லேனிலேயே, ஒரே வேகத்தில், அவர் என்னைக் கடந்து போகும்வரை கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.